மூணு மாசம் தள்ளிப்போனால்

குவைத்தில் நான் வேலை பார்க்கிற வீட்டில், சாப்பிடும்போதே அந்தப் பேச்சைப் பேசுகிறார்கள். முதலாளியம்மா மகள் நூரா, காலேஜ் படிக்கிறாள். அப்பாவுக்கு நேர் எதிரே உட்கார்ந்து, மூணு மாசமாகத் தனக்குத் தீட்டு வரவில்லை என்றாள். அவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார். தட்டு எடுத்துக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. அரபி எனக்குக் காதுக்குப் புரியும். வாய்க்கு வராது.

எனக்கும் அதே மூணு மாசம் தள்ளியது. மீன்சுருட்டியில், கல்யாணமான முதல் வருசம். எங்கள் பக்கம் நாள் தள்ளினால் ஒரே அர்த்தந்தான். டெஸ்ட் எதுவும் எடுக்காமல் மாமியார் தெருவுக்கே சர்க்கரை கொடுத்தார். என் அம்மா ஜெயங்கொண்டம் பஸ்ஸில் அதிரசம் சுமந்து வந்தது. பிறகு ஒரு நாள் சேலை நனைந்தது. ஆஸ்பத்திரியில், உண்டாகவே இல்லை, நீர்க்கட்டி என்றார்கள். கட்டி என்றால் வெட்டணும் என்று வீட்டில் பயந்து அதோடு விட்டுவிட்டார்கள். “தின்ன அதிரசம்லாம் எங்கடி போச்சு?” என்று மாமியார் கேட்டார். தெருவில், “வவுத்துல காத்தா?” என்று சிரித்தார்கள். வீட்டுக்காரர் டிராக்டரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஏழு வருசம் அப்படிப் போனது. சம்பாதிக்க வந்தேன் என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறேன். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் பிளேன் ஏறினேன்.

நூராவுக்கும் எனக்கும் ஒரே கழுத்துக் கறுப்பு. ஒரே மோவாய் மயிர். அவளுக்கு ஸ்கேன், ரத்த டெஸ்ட், மாத்திரை. யாரும் சிரிக்கவில்லை. அவள் அப்பா ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். எனக்கு வயிறு எரிந்தது. அவள் நடக்கப் போட்டுக்கொள்ளும் ஷூவைத் துடைக்கும்போது லேஸை மூணு முடிச்சுப் போட்டு வைத்தேன். பல்லால் கடித்து அவிழ்த்தாள். பார்த்துக்கொண்டு நின்றேன்.

இங்கேயும் எனக்கு மூணு மாசமாக வரவில்லை. என்னையும் டாக்டரிடம் காட்டச் சொல்லிக் கேட்போம் என்று முதலாளியம்மாவிடம் போனேன். வயிற்றைத் தொட்டு, மூணு விரல் காட்டி, “மாஃபி” என்றேன். இல்லை என்று அர்த்தம். அவர் முகம் வெளுத்துப்போனது. யார் அவன், டிரைவரா என்று கத்தினார். ஊரில் சர்க்கரை கொடுத்த அதே மூணு மாசத்துக்கு, இங்கே என்னைத் திருப்பி அனுப்ப என் பாஸ்போர்ட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டெஸ்ட் எடுத்தார்கள். ஒன்றுமில்லை. “அல்ஹம்துலில்லாஹ்” என்று அவர் நெஞ்சில் கை வைத்தார். என் வெறும் வயிற்றுக்கு ஒருத்தர் கடவுளுக்கு நன்றி சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். அப்புறம் அவரே டாக்டரிடம் காட்டச் சொன்னார். ஸ்கேன் பார்த்த பிறகு, பாலக்காட்டு நர்ஸ் ஒருத்தி தமிழில் விளக்கினாள்.

“இது வெட்டுற கட்டி இல்லக்கா. முட்டை பாதியில முதிராம நின்னுடுது, அதான் ஸ்கேன்ல அப்படித் தெரியுது. உடம்புல இன்சுலின் சரியா வேலை செய்யல. ஆண் ஹார்மோன் கூடிடுது. முழுக் காரணம் யாருக்கும் தெரியாது. குடும்பத்துல இருந்தாலும் வரும். உங்க தப்பு இல்ல.”

“புள்ள?”

“நிறையப் பேருக்குப் பிறக்குது. முட்டை முதிர மாத்திரை இருக்கு. அதுக்கு வீட்டுக்காரர் பக்கத்துல இருக்கணுமே! இப்ப சோறைக் குறைங்க, தினம் நடங்க, இந்த மாத்திரையை விடாம சாப்பிடுங்க. அடியோட போகாது, அடக்கி வைக்கலாம்.”

ஊரில் இதைப் படிக்கிற பெண்களே, நாள் தள்ளினால் சர்க்கரைக்கு முன்னால் டெஸ்ட் எடுங்கள்.

இப்போது நூராவும் நானும் ஒரே மாத்திரை. சாயங்காலம் கடற்கரையில் அவள் முன்னால் நடக்கிறாள், நான் அவள் பையோடு பின்னால். பொறாமை போகவில்லை. அவளுக்கு அவசரமில்லை. எனக்கு முப்பத்திரண்டு வயசு.

அஞ்சு மாசமாக எனக்கு நாள் தவறாமல் வருகிறது. வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். “சரியாயிடுச்சா? அப்ப வந்துடு” என்றார். விசா முடிய இன்னும் பத்து மாசம். மாசா மாசம் என் உடம்பு குவைத்தில் தயாராகிறது. அவர் மீன்சுருட்டியில் இருக்கிறார்.