தாழ்ப்பாள் போடுது, தண்ணி வருது

தாழ்ப்பாளை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார் ஜோதியம்மாள். குழாயைத் திறந்து வாளி பாதியாவது நிறையும்வரை நிற்பார். விளக்கு சுவிட்சைத் தட்டிப் பார்ப்பார். கழுத்தில் தொங்கும் இன்ச் டேப்பை உருவி, கதவுக்கும் தரைக்கும் நடுவே அளப்பார். வெளியே வந்து, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, போனிலிருந்தே தன் வலைப்பதிவில் எழுதுவார்: ‘தாழ்ப்பாள் போடுது. தண்ணி வருது, ஆனா கம்மி. லைட்டு இல்ல. கதவு கீழ ஒம்போது இன்ச் கேப். பொடவை கட்டினவங்களுக்குப் பரவால்ல.’

பௌர்ணமிதோறும், காலையும் மாலையும், பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையை மொபெட்டில் சுற்றி, பெண்களுக்கான ஒவ்வொரு கழிப்பறைக்குள்ளும் இப்படி நுழைந்து வருகிறார். யாரும் அவரை நியமிக்கவில்லை. அடி அண்ணாமலையில் தையல் கடை வைத்திருப்பவர், வயது நாற்பத்தெட்டு. வலைப்பதிவைத் தொடங்கியதே ஜாக்கெட் டிசைன் போடத்தான். ஒரு சித்ரா பௌர்ணமியன்று நாத்தனாரோடு மலையைச் சுற்றப் போய், வரிசையாக மூன்று பூட்டிய கதவுகளைப் பார்த்துவிட்டு, வந்த ஆத்திரத்தில் ஒன்று எழுதினார். அதுவரை பஃப் கையைப் பார்க்க மாதம் நாற்பது பேர் வந்துகொண்டிருந்தார்கள். அந்த வாரம் நாலாயிரம் பேர் வந்தார்கள். பஃப் கை அத்தோடு நின்றது.

இந்தக் காலத்தில் வலைப்பதிவை யார் படிக்கிறார்கள், வாட்ஸ்அப்பில் போடலாமே என்று கேட்டால் முறைக்கிறார். “ஆடி மாசம் போட்டது ஐப்பசி வரைக்கும் சுத்திக்கினு இருக்கும்ங்க. தொறந்திருக்குனு நம்பிப் போறவ என்னா ஆவா? ப்ளாக்ல மேலயே தேதி இருக்குது, டைம் இருக்குது.”

அப்படிப்பட்டவருக்கும் போன பௌர்ணமியன்று சறுக்கியது. எட்டாவது கழிப்பறை திறந்திருப்பதாக மாலை ஐந்து மணிக்கு எழுதினார். திறந்துதான் இருந்தது. ஆனால் சாவி வைத்திருக்கும் அர்ஜுனனுக்கு அன்று ஒரு வேண்டுதல். ஐந்தரைக்குக் கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, அவரும் கிரிவலம் கிளம்பிவிட்டார். எட்டு லிங்கத்தையும் அவசரமில்லாமல் கும்பிட்டுத் திரும்பிவர நாலு மணி நேரம். இதற்கிடையில் விழுப்புரத்திலிருந்து வந்த சர்க்கரை நோயாளி அம்மாள் ஒருவர், பதிவை நம்பி வந்து, அந்தப் பூட்டின் முன்னால் நின்றார். மேற்கொண்டு சொல்வதற்கில்லை.

விஷயம் தெரிந்ததும் ஜோதியம்மாள் அதையும் எழுதினார். ‘என் தப்பு. சாவிக்காரர் எங்கயாவது போவாரான்னு கேட்டிருக்கணும். அந்த அம்மா என்னை மன்னிக்கணும்.’ எழுதும்போது அழுதார். ஜாக்கெட் வாங்க வந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

உள்ளூர் நாளிதழ் ஒன்றின் நிருபர் திருமலையும் அந்த மன்னிப்பைப் படித்தார். சம்பவ இடத்துக்குப் போகாமலே அதிலிருந்து மூன்று பத்திச் செய்தி தேற்றினார். ‘வலைப்பதிவை நம்பிய பக்தர்கள் அவதி: கடிவாளம் போடுவது யார்?’ ஒரு அம்மாள் பக்தர்களாகப் பெருகியிருந்தார். பூட்டிக்கொண்டு போன அர்ஜுனன் செய்தியில் எங்குமில்லை. பிறகு ஒரு டிவியில் நான்கு பேர் உட்கார்ந்து வலைப்பதிவுக் கட்டுப்பாடு பற்றி ஒரு மணி நேரம் விவாதித்தார்கள். நால்வரும் ஆண்கள். கழிப்பறை என்ற சொல்லை ஒருவரும் உச்சரிக்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

இந்தப் பௌர்ணமியன்று காலை, வேங்கிக்காலில் ஒரு கல்யாண மண்டபத்தில் நிருபர்கள் கூட்டம் போட்டார்கள். ஊரைப் பற்றி எழுதும் வலைப்பதிவர்கள், எழுதியதை இரண்டு நாள் முன்னதாக ஒரு குழுவிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். அதற்குச் சட்டம் கேட்டு அரசுக்கு மனு. ஜோதியம்மாளையும் அழைத்திருந்தார்கள். காலைச் சுற்றை முடித்துவிட்டு, டேப்பைக் கழற்ற மறந்து வந்திருந்தார். இரண்டு நிமிடம் கொடுத்தார்கள்.

“முன்னாடியே காட்டுன்னா காட்டறேங்க. ரெண்டு நாள் கழிச்சு எது பூட்டியிருக்கும், எதுல தண்ணி வராதுனு எனக்கு எப்டிங்க தெரியும்? அன்னிக்குக் காலைல போய் நின்னாத்தான தெரியுது. தப்பு பண்ணிட்டேன், இல்லன்னு சொல்லல. அதுக்காக இத நிறுத்திட்டீங்கன்னா எனக்கு ஒண்ணும் இல்லங்க, நான் ஜாக்கெட் தெச்சிக்கினு இருப்பேன். வர்ற பொம்பளைங்க எங்கங்க போவாங்க?” உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்து நாற்காலியிலிருந்த திருமலை குனிந்து, “பர்சனலா ஒண்ணும் இல்லக்கா. எல்லாத்துக்கும் ஒரு கன்ட்ரோல் வேணும்ல?” என்றார். உண்மையாகவே ஆறுதலாகச் சொன்னார்.

ஆதரிப்பவர்கள் கைதூக்கலாம் என்று அறிவித்தார் தலைவர். திருமலையின் வலது கைதான் முதலில் எழுந்தது. அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. விடிந்ததும் மலை சுற்றக் கிளம்பிய மனைவி. திருமலை கேட்டார், முகம் மாறியது. கையை இறக்க முடியாது, எண்ணிக்கொண்டிருந்தார்கள். தூக்கிய கை தூக்கியபடி இருக்க, இடது கையால் போனை ஜோதியம்மாளிடம் நீட்டினார்.

“அக்கா, வீட்லேர்ந்துக்கா. கொஞ்சம் அர்ஜென்டாம். கிட்டக்க எது தொறந்திருக்குனு சொல்லுங்கக்கா.”

மேடையில் பதினேழு, பதினெட்டு என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். “எங்க நிக்கிற, கண்ணு?” என்று போனில் கேட்டுக்கொண்டே, ஜோதியம்மாள் மற்றக் காதை உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொண்டார்.