துடைத்த தண்ணீர்

வேலை பார்த்த இடத்தில் அவருக்கு 'நாலு மைக்ரான்' என்று பெயர். மருத்துவமனையின் பின்கட்டடத்தில், முதல் மாடியில் இருந்த திசு ஆய்வகத்தில் இருபத்தாறு வருடமாக ஒரே நாற்காலி. நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த சதைத் துணுக்கு ஃபார்மலினில் ஊறி, ஆல்கஹாலில் நீர் வற்றி, மெழுகுக்குள் உறைந்து, பாதித் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டியாக அவரிடம் வரும். அதை மிஷினில் பொருத்தி, சக்கரத்தைச் சுற்றிச் சீவ வேண்டும். ஒரு மில்லிமீட்டரை இருநூற்றைம்பது கூறு போட்டால் ஒரு கூறு என்ன கனமோ, அந்தக் கனம். அதுதான் நாலு மைக்ரான்.

வீட்டில் வெள்ளரிக்காய் நறுக்கினாலும் கை அதே கணக்கில்தான் போகும். "இத திங்கறதா, ஜன்னல்ல ஒட்டறதா?" என்பாள் மனைவி.

அவரை நல்ல மனிதர் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. யாருக்கு என்ன கஷ்டம் என்று விசாரிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. கட்டியின் மேல் எழுதியிருக்கும் எண்ணுக்குப் பின்னால் ஓர் ஆள் இருப்பதை நினைத்துப் பார்த்ததாகவும் தெரியவில்லை. கவனமான மனிதர் என்று வேண்டுமானால் சொல்லலாம். அந்த வேலைக்கு அது போதும்.

சீவிய மெழுகு நாடாவாக வரும். அதை வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டால் சுருக்கம் விரியும். கண்ணாடித் தகட்டை அடியில் விட்டு அப்படியே ஏந்தி எடுக்க வேண்டும். ஆபத்து அந்தத் தண்ணீரில்தான். முன்னால் சீவிய ஆளின் சதையிலிருந்து கண்ணுக்கே தெரியாத ஒரு பொடி அதில் தங்கிவிட்டால், அடுத்த ஆளின் தகட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒருவருடைய நோய் இன்னொருவர் பெயரில் ஏறிவிடும். ஆய்வகத்தில் அதை 'மிதவை' என்பார்கள். அதனால் ஒவ்வொரு கட்டிக்குப் பிறகும் ஒரு தாளைப் படுக்கவைத்து இழுத்துத் தண்ணீரின் முகத்தைத் துடைக்க வேண்டும். கை ஓயும் நேரத்தில் பலரும் மூன்று நான்கு கட்டிக்கு ஒரு முறை துடைப்பார்கள். நாலு மைக்ரான் ஒரு முறைகூட விட்டதில்லை.

சாயம் போடுவது பக்கத்து மேசைப் பெண். விரல் நுனிகள் எப்போதும் ஊதாவாக இருப்பதால் அவளுக்குச் 'சாயம்' என்றே பெயர். அவரைவிட நான்கு வயது இளையவள். வாய் மட்டும் பத்து வயது மூத்தது. அவள் போடும் நீலம் செல்லின் உட்கருவைப் பிடிக்கும். இளஞ்சிவப்பு மற்ற உடம்பைப் பிடிக்கும். எதை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்று நொடிக்கு நொடி முடிவு செய்கிற மேல்சவ்வு மட்டும் தனியாகத் தெரியாது. சிவப்பு எங்கே முடிகிறதோ அதுதான் எல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அங்கே பார்க்கிற எதுவும் உயிரோடு இல்லை. ஃபார்மலின் பட்டதும் நின்றுபோனவை. அதுவும் முழுச் செல் கிடையாது; ஒரு செல்லையே மூன்று நான்காகச் சீவியதில் ஒரு சீவல். நின்றுபோன ஒன்றின் சீவலைப் பார்த்து, ஓடிக்கொண்டிருக்கும் உடம்பைப் பற்றித் தீர்ப்பு எழுதுகிறார்கள். அது பெரும்பாலும் சரியாக இருப்பதுதான் வியப்பு.

தகடுகளைப் பார்த்து அறிக்கை எழுதுபவர் டாக்டரம்மா. இருவர் சேர்ந்து பார்க்கும் இரட்டை நுண்ணோக்கியில் அவர் ஒரு பக்கம் பார்க்கும்போது மறு பக்கத்தில் எட்டிப்பார்த்தே நாலு மைக்ரான் எல்லாம் கற்றுக்கொண்டிருந்தார். இரைப்பையின் உட்தோலை அவருக்குப் பிடிக்கும். ஒன்றன் கையை ஒன்று பிடித்து வரிசையில் நிற்கும் செல்கள். இரைப்பையின் அமிலம் இரைப்பையையே தின்றுவிடாமலிருக்க வழவழப்பான சளியைச் சுரந்து மூடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நாலைந்து நாள் ஆயுசு. முழு உடம்பையும் கட்டுவதற்கான குறிப்பு ஒவ்வொன்றின் உட்கருவிலும் இருக்கிறது. ஆனாலும் தனக்குரிய பக்கத்தை மட்டும் படித்து, தன் வேலையைச் செய்து, நேரம் வந்ததும் உதிர்ந்துவிடும். அடியிலிருந்து அடுத்தது ஏறிவரும். இதில் ஏதாவது ஒன்று உதிர மறுத்தால் அதற்குத்தான் இந்த ஆய்வகம்.

மனைவி கடைத்தெருவில், செருப்புக்கடைக்கும் சாவிக்கடைக்கும் நடுவில், துணி சரிசெய்து கொடுக்கும் ஒரு சின்னக் கடை வைத்திருந்தாள். ஒரே மகள் வேறு ஊரில் வேலையில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை போன் பேசுவாள். அந்த வருடம் மனைவி தன் துணிகளையே மூன்றாவது முறையாகப் பிடித்துத் தைத்தாள்.

"உடம்பு இளைக்கணும்னு ஊரே ஓடுது. எனக்கு உக்காந்த இடத்துல இளைக்குது பாருங்க."

"நேரத்துக்கு சாப்பிட்டா எல்லாம் சரியாகும்."

"சாப்பிடாம இல்லீங்க. நாலு வாய்லயே வயிறு நெறஞ்சுடுது. அதுக்கு மேல இறங்கல."

வாயு என்று நான்கு மாதம் ஓட்டினார்கள். பிறகு எண்டாஸ்கோபி. வயிற்றுக்குள் குழாய் விட்டு, அரிசிக் குருணை போல நான்கு துணுக்குகள் எடுத்தார்கள். அது எந்த ஆய்வகத்துக்கு வரும் என்று கேட்க வேண்டியதில்லை.

சொந்தக்காரர்களின் கட்டியை வேறு ஆள் வெட்டுவதுதான் அங்கே வழக்கம். நாலு மைக்ரான் விட்டுக்கொடுக்கவில்லை. வேறு கையை அவர் நம்பவில்லை. அன்று காலை ஏழாவதாக ஒரு முதியவரின் கட்டி, இரைப்பைப் புற்று என்று ஏற்கெனவே தெரிந்தது. எட்டாவது மனைவியுடையது.

மறுநாள் டாக்டரம்மா அவரைக் கூப்பிட்டு மறு பக்கத்தில் உட்காரச் சொன்னார். உட்தோலில் புண், அழற்சி, பயப்பட ஒன்றுமில்லை. பிறகு தகட்டை மெல்ல நகர்த்தினார். நான்காவது துணுக்கின் விளிம்பில், ஒட்டியும் ஒட்டாமலும், பத்துப் பன்னிரண்டு செல்கள். தான் சுரந்த சளியைத் தானே வெளியே விடாமல் வயிறு உப்பி, உட்கரு ஓரத்துக்கு ஒதுங்கி, கல் வைத்த மோதிரம் போல. பக்கத்துச் செல்லின் கையை விட்டுவிட்டுத் தனித்தனியாகத் திரிகிறவை. மோதிர செல் என்று பெயர். இரைப்பையில் வருவதில் கெட்டது அது.

"இவங்களுக்கு முன்னாடி நீங்க வெட்டின பெரியவருக்கும் இதேதான்" என்றார் டாக்டரம்மா. கண்ணை நுண்ணோக்கியிலிருந்து எடுக்கவில்லை. "இது அவரோட மிதவையா இருக்கலாம். இல்ல, இவங்களோடதாவே இருக்கலாம். நடுவுல தண்ணிய தொடச்சீங்களா?"

"இல்ல டாக்டர். மறந்துட்டேன்."

யோசித்துச் சொன்னதல்ல. செய்த தப்பை மறைக்கப் பொய் சொல்கிறவர்களை நிறையப் பார்க்கிறோம். செய்யாத தப்பை ஒருவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வது அபூர்வம். இருபத்தாறு வருடத்துப் பெயரை அவர் அந்த ஒரு சொல்லில் கொடுத்துவிட்டார். விலை அதிகம் என்று அவருக்குத் தோன்றவில்லை. தான் கவனக்குறைவான ஆள் என்றால் மனைவிக்கு வெறும் புண்.

"நீங்களா மறந்தீங்க?" என்றார் டாக்டரம்மா. பிறகு, "சரி. கட்டிய இன்னும் ஆழமா வெட்டிப் பாக்கலாம். நீங்க வேண்டாம். சாயத்த வெட்டச் சொல்லுங்க."

சாயம் கட்டியை வாங்கிக்கொண்டாள். அதை மிஷினில் பொருத்தினாள்.

"தொடைக்கலைன்னு சொன்னீங்களாமே அண்ணா."

"மறந்துட்டேன்மா."

"உங்களுக்கு தாள் எடுத்துக் குடுத்ததே நான்தான்."

அவர் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் போய் சொல்ல மாட்டேன். வத்தி வெக்கற ஆள்னு பேரெடுக்க எனக்கு ஆசையில்ல. ஆனா இது மிதவை இல்லைன்னா, நீங்க மறைக்கிறது டாக்டர்கிட்ட இல்ல. அண்ணிகிட்ட."

மூன்று ஆழங்களில் சீவினாள். மாலைக்குள் சாயம் ஏறி, தகடுகள் டாக்டரம்மாவின் மேசைக்குப் போயின. மூன்றிலும் அந்தச் செல்கள் இல்லை. இல்லை என்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. அவை எப்போதுமே அந்தக் கட்டியில் இருந்திருக்கவில்லை. அல்லது கடுகளவு இடம்தான், முதல் சீவலோடு தீர்ந்துபோனது. எது என்று கண்ணாடி சொல்லாது. தண்ணீரைத் துடைத்தவர்தான் சொல்ல முடியும்.

"நீங்க தொடைக்கலைன்னு சொல்றீங்க, ஆழத்துலயும் இல்ல. மிதவைன்னு விட்டுடறேன்" என்றார் டாக்டரம்மா. "புண்ணுக்கு மூணு மாசம் மாத்திரை. குறையலைன்னா திரும்ப பாப்போம். காலைல கையெழுத்து போட்டுத் தரேன்."

அவர் நேராக வீட்டுக்குப் போய், செருப்பைக்கூடக் கழற்றாமல், "ஒண்ணுமில்ல, வெறும் புண்ணுதான்" என்றார். மனைவி அடுப்பை அணைத்தாள்.

"நாலு நாளா நான் மனசுக்குள்ள யார் யாருக்கு என் தையல் மிஷினக் குடுக்கறதுன்னு பங்கு பிரிச்சுட்டிருந்தேன்" என்றாள். "நாத்தனாருக்கு குடுக்கறதில்லைன்னு மட்டும் முடிவு பண்ணியிருந்தேன்."

அவர் சிரித்தார். மகளுக்குப் போன் போட்டுச் சொன்னார்கள். பிறகு இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அன்று பயம் இல்லை என்பதால் வயிறு நிறையச் சாப்பிடுவதாகச் சொல்லி அவள் தட்டில் தாராளமாகப் போட்டுக்கொண்டாள். அவர் தன் தட்டைப் பார்க்கவில்லை. அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாய், இரண்டு, மூன்று. நான்காவதை மென்று, விழுங்கி, தண்ணீர் குடித்துவிட்டு, கையைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டாள்.

"என்னன்னு தெரியல. சந்தோஷத்துலயும் இறங்க மாட்டேங்குது."

மறுநாள் ஆய்வகம் திறப்பதற்கு முன்பே டாக்டரம்மாவின் அறை வாசலில் அவர் நின்றிருந்தார்.

"டாக்டர், கையெழுத்து போட்டாச்சா?"

"இல்ல. இப்பத்தானே வரேன். ஏன்?"

"தொடச்சேன்."

"என்னது?"

"தண்ணிய. தொடச்சுட்டுத்தான் அவளோடத வெட்டினேன். சாயத்தையும் கேளுங்க."

டாக்டரம்மா கைப்பையை மேசையில் வைத்தார். அச்சிட்டு வைத்திருந்த அறிக்கையை எடுத்து இரண்டாகக் கிழித்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நாலு மைக்ரான் பிற்பாடு சாயத்திடம் சொன்னார்.

"எனக்கு இங்க கண்ணு ஒண்ணுதான் சொந்தம்" என்றார் டாக்டரம்மா. "எந்தத் துண்டு யாரோடது, தண்ணி சுத்தமா இருந்துச்சா, எல்லாம் நீங்க சொல்றதுதான். நீங்க சொன்னா நான் திரும்பிக்கூடப் பாத்ததில்ல. போங்க. உங்க வீட்டம்மாவக் கூட்டிட்டு வாங்க."

கடையில் மனைவி ஒரு கால்சட்டையின் அடியை மடித்து, உதடுகளுக்கு நடுவே ஊசிகளைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவர் முழுவதையும் சொன்னார். முதியவரின் கட்டியிலிருந்து ஆரம்பித்துக் கிழித்த அறிக்கைவரை, தன் பொய்யையும் விடாமல். அவள் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசி குத்திவைக்கும் சின்ன மெத்தையில் குத்தினாள்.

"ஒரு நாள் நிம்மதியா தூங்கவெச்சீங்க" என்றாள். "சரி. எப்ப வரணும்?"

இந்த முறை பத்துத் துணுக்கு எடுத்தார்கள். அவரை விடுப்பில் போகச் சொல்லிவிட்டார்கள். சாயம்தான் வெட்டினாள், தொட்டியின் தண்ணீரையே புதிதாக மாற்றி, அன்றைய முதல் கட்டியாக. மூன்று துணுக்குகளில் மோதிர செல்கள் இருந்தன, சதைக்கு நட்ட நடுவில். சந்தேகத்துக்கு இடமில்லை.

இரைப்பையை முழுவதுமாக எடுத்தார்கள். எடுக்கும்போதே அந்தச் செல்கள் இரைப்பையைத் தாண்டி, வயிற்றறையை உள்ளே போர்த்தியிருக்கும் சவ்வு வரைக்கும் போயிருப்பது தெரிந்தது. மூன்று மாதம் தள்ளியிருந்தால் எடுத்திருக்கவே முடியாது என்றார் அறுவை மருத்துவர். அதை ஆறுதலாகத்தான் சொன்னார். அவள் பதினோரு மாதம் இருந்தாள். தையல் மிஷின் மகளுக்குப் போனது.

அவர் வேலைக்குத் திரும்பினார். யாரும் அவரை எதுவும் சொல்லவில்லை. ஆனால் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு தொங்கியது. ஒவ்வொரு கட்டிக்கும் தண்ணீரைத் துடைத்ததும் வெட்டியவர் ஒரு கையெழுத்து, பக்கத்தில் பார்த்தவர் ஒரு கையெழுத்து. எல்லோருக்கும் பொதுவான விதி என்றுதான் டாக்டரம்மா சொன்னார். மற்ற எல்லோரும் அதைச் சலிப்போடு எழுதினார்கள். அவர் மட்டும் தாளை இழுத்த பிறகு, சாயம் தலையைத் திருப்பிப் பார்க்கும்வரை காத்திருந்து எழுதுவார்.

மனைவி போவதற்கு மூன்று வாரம் முன்னால், ஒரு பிற்பகல், அவர் கரண்டியால் அவளுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு கரண்டியோடு வாயை மூடிக்கொண்டாள். சுவரைப் பார்த்தபடி கேட்டாள்.

"ஒண்ணு கேக்கறேன். இருபத்தாறு வருஷத்துல ஒரே ஒரு நாள், அன்னிக்கு ஒரு நாள், அந்தத் தண்ணிய நீங்க தொடைக்காம இருந்திருக்கக் கூடாதா?"

அவர் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார்.

"உன்னோடதாச்சேன்னு அன்னிக்கு ரெண்டு தடவ தொடச்சேன்" என்றார்.

அவள் தலையை அசைத்தாள். வாய் துடைக்கத் துணி கேட்டாள்.