ஏரிக்கரையில் கூழ் ஏந்திய கைகள்

சித்திரை முடிந்ததும் சிங்காரத்தைச் செங்கல் சூளைக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். எண்பத்தைந்தாம் ஆண்டு பங்குனி மாதம் முழுக்க என் மனத்தில் வேறு எதுவும் இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் அதே நினைவு. படுத்தால் அதே நினைவு. அங்காளம்மனை நம்புகிற உங்களிடம் சொல்ல எனக்கென்ன வெட்கம்? ஒரு கிழட்டுக் குதிரைக்காக நான் அழுதேன்.

சிங்காரம் சென்னையில் பந்தயம் ஓடிய குதிரை. இனி ஓடாது என்று கழித்துவிட்டதை என் மகன் ஏழுமலை வாங்கி வந்து, விழுப்புரம் ரயிலடியில் ஜட்கா ஓட்டினான். நான் அதே ரயிலடியில் பார்சல் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். மூட்டைகளை எண்ணி எண்ணி, எதைப் பார்த்தாலும் எண்ணுகிற பழக்கம் ஒட்டிக்கொண்டது. எண்ணுகிறவனுக்குக் கவலையும் அதிகம். ஒன்று குறையப்போகிறது என்றால் முன்கூட்டியே பயம் வந்துவிடும்.

இந்தக் குதிரைக்கு நாங்கள் பட்ட கடன் வேறு மாதிரி. ஒரு ஐப்பசி மழையில், அனந்தபுரத்தில் தம்பி வீட்டுக்குப் போயிருந்த என் மனைவி அஞ்சலையைப் பாம்பு கடித்துவிட்டது. பஸ் ஓடவில்லை. மகன்தான் அவளை வண்டியில் போட்டு, கொட்டுகிற மழையில் விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தான். சாலையில் ஒரு ஆள் இல்லை. சிங்காரம் எங்கும் நிற்கவில்லை. கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்று டாக்டர் சொன்னார்.

பிறகு ஆட்டோ வந்தது, ஜட்காவில் ஏற ஆளில்லை. ஏழுமலைக்குத் தர்மபுரியில் பஸ் டிரைவர் வேலை கிடைத்தது. சித்திரைக் கடைசியில் போய்ச் சேர வேண்டும். எனக்கோ இரைப்பு. ஒரு கட்டுப் புல்லைத் தூக்கினால் மூச்சு அடைத்துக்கொள்ளும். தரகர் வந்து குதிரையின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார்.

"பதினாலு வயசு ஆயிடுச்சி. சூளைல மண்ணு இழுக்கும். மழைக்காலம் வரிக்கும் தாங்கும்" என்றார்.

மழைக்காலத்துக்கு அப்புறம் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். அஞ்சலை அன்று அடுப்பைப் பற்றவைக்கவில்லை.

ஒரே ஒரு வழி இருந்தது. திண்டிவனத்துக்கு அப்பால் ஒரு பெரிய ஏரி. சித்திரையில் தண்ணீர் வற்றி, உள்வாய் முழுக்கப் புல் முளைத்திருக்கும். அந்தப் புல்தரையில் வருஷம் ஒரு தடவை குதிரை ஓட்டம் நடக்கும். அந்தக் கோடியில் புறப்பட்டு இந்தக் கரையில் முடியும் ஒரே பாய்ச்சல். செஞ்சி, புதுச்சேரியிலிருந்தெல்லாம் குதிரைகள் வரும். ஏரிக்கரையில் அங்காளம்மன் கோயில் இருக்கிறது. ஜெயித்த குதிரையை, சொந்தக்காரர் விரும்பினால், அம்மனுக்கு விட்டுவிடலாம். கோயில் மாட்டைப் போல அதை யாரும் விற்க முடியாது, பூட்ட முடியாது. சுற்றுப்பட்ட ஊர்களே தீனி போடும். ஆனால் தோற்ற குதிரையைப் பூசாரி ஏற்றுக்கொள்ள மாட்டார். அதுதான் அந்த ஊர் வழக்கம்.

சிங்காரம் அதற்கு முன் நாலு வருஷம், ஏழுமலையைச் சுமந்து, அங்கே ஓடியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் முக்கால் தூரம் அதுதான் முன்னால் வரும். கரையை நெருங்கும்போது தளர்ந்துவிடும். மூன்றாவது, இரண்டாவது, மூன்றாவது, இரண்டாவது. வயசாகிவிட்டது என்றார்கள். நானும் நம்பினேன்.

எனக்குத் தெரிந்தது ஒரே இடம். பங்குனி அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் புறப்பட்டோம். அனந்தபுரத்தில் தங்கி, மறுநாள் போனோம். அதே ஜட்கா, அதே குதிரை. வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தேன்.

"நீங்க இப்பவே அழுது முடிச்சிட்டா ஆத்தா முன்னாடி இன்னா பண்ணுவீங்க?" என்றாள் அஞ்சலை.

கோபுரம் தெரிந்ததும் நடந்து வந்த கூட்டம் "தாயே" என்று இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கியது. சிங்காரம் நின்றுவிட்டது. ஏழுமலை நாக்கைச் சொடுக்கினான். நகர்ந்தது. அடுத்த கூட்டம் கை தூக்கியது. மறுபடி நின்றது.

"இன்னா நைனா இது, நான் கடிவாள வாரத் தொடவேயில்ல, இவனா நின்னுக்கினு கீறான்."

"சவாரி கூப்புடறாங்கன்னு நெனச்சிக்கினான்டா. இத்தினி பேர ஏத்திக்கினு நீ எங்க போவ?" என்று அஞ்சலை சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜட்காவில் ஓடின நாளெல்லாம் ஓரத்தில் ஒரு கை உயர்ந்தால் ஏழுமலை வாரை இழுப்பான். இழுத்ததால் நின்றது என்று நாங்கள் நினைத்திருந்தோம். அது கையைப் பார்த்து நின்றிருக்கிறது. ஏரிக்கரையில் குதிரைகள் நெருங்கும்போது அத்தனை ஜனமும் கை தூக்கி ஆர்ப்பரிக்கும். நாலு வருஷமும் அது தளர்ந்தது அதே இடத்தில்தான்.

சன்னிதியில் நான் வேறொன்றும் கேட்கவில்லை. "தாயே, நோயைக் காட்டிவிட்டாய். மருந்தையும் நீயே கொடு" என்றேன்.

திண்டிவனம் வழியாகத் திரும்பினோம். கூட்டேரிப்பட்டில் நான் இறங்கி, வண்டிக்கு முன்னால் தூரமாகப் போய் நின்று கை தூக்கினேன். என்னருகே வந்து நின்றது. மறுபடி முன்னால் போய், கைகளை மார்போடு வைத்துக் கும்பிட்டபடி நின்றேன். என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. இரைக்க இரைக்க நான் பின்னால் ஓட, டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"கண்ணுக்குப் பட்டை கட்டினா இன்னா?" என்று மகனைக் கேட்டேன்.

"பக்கத்துலதான் மறைக்கும் நைனா. எதிர்ல நிக்கிற ஜனத்த எப்டி மறைக்கிறது?"

ஓட்டத்தன்று விடிந்ததும் கரைக்குப் போய்விட்டேன். ஒவ்வொருவராகக் கெஞ்சினேன். குதிரை முடிவுக் கோட்டைத் தாண்டும் வரை கை தூக்காதீர்கள், மார்போடு வைத்துக் கும்பிடுங்கள் என்றேன். சிலர் தலையாட்டினார்கள். பலர் என்னைக் கிறுக்கன் என்று நினைத்தார்கள். திண்டிவனத்து அரிசி மில்காரர் ஒருவர் நல்ல இளம் செவலைக் குதிரை கொண்டுவந்திருந்தார்.

"ஏன் பெருசு, உன் குதிர ஜெயிக்கிறதுக்கு ஊரே கையக் கட்டிக்கினு நிக்கணுமா? அப்டியே கண்ணையும் மூடிக்கட்டா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

நூற்றிருபது பேர் வரை சொல்லியிருப்பேன். அதற்குள் ஆயிரக்கணக்கில் ஜனம் சேர்ந்துவிட்டது. தொண்டை கட்டிவிட்டது. கோயில் வாசலில் உட்கார்ந்து, "என்னால் முடிந்தது இவ்வளவுதான் தாயே" என்றேன்.

வழக்கமாக வெயில் ஏறுவதற்குள் ஓட்டம் முடிந்துவிடும். அன்று எல்லாம் கோணலாகப் போனது. புதுச்சேரிக் குதிரை ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு நிலக்கடலைக் கொல்லையில் புகுந்தது. அதைப் பிடித்து வருவதற்குள் பாதிக் காலை போய்விட்டது. அப்புறம் இரண்டு தடவை, புறப்படச் சொல்லித் துண்டு வீசுவதற்கு முன்பே குதிரைகள் பாய்ந்துவிட்டன. திரும்பக் கூட்டி வந்து நிறுத்தினார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. இளம் குதிரைகள் தாங்கும். சிங்காரத்தின் கழுத்து வியர்வையில் கறுத்துவிட்டது என்று அந்தக் கோடியிலிருந்து வந்த ஒருவர் சொன்னார். அம்மனிடம் முதல் தடவையாகக் கோபப்பட்டேன். கேட்டது ஒன்று, நீ செய்வது ஒன்றா என்றேன்.

உச்சி வேளை ஆனது. கோயிலில் உடுக்கை அடித்தது. ஓட்டம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் உச்சியில் அம்மனுக்குக் கூழ் வார்த்தாக வேண்டும். எல்லா வருஷமும் அது ஓட்டம் முடிந்த பிறகு வரும். அன்று ஓட்டம் தொடங்கவே இல்லை. ஜனம் சொம்பும் தூக்கும் கிண்ணமுமாகக் கொப்பரைகளைச் சூழ்ந்தது. அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய கேப்பைக் கூழ். முந்தானையாலும் துண்டாலும் பாத்திரத்தைச் சுற்றிப் பிடித்து, ஓட்டம் பார்க்க மறுபடி கரைக்கு வந்து நின்றார்கள்.

அந்த நேரத்தில் எதிர்க் கோடியில் துண்டு வீசினார்கள்.

புழுதி தெரிந்தது. செவலை முன்னால். அதன் தோளோடு சிங்காரம். மற்றவை பின்தங்கிவிட்டன. எப்போதும் தளரும் இடத்துக்கு வந்துவிட்டது. இதோ, இப்போது. கரையைப் பார்த்தேன். எல்லோரும் கத்தினார்கள். ஒரு கை உயரவில்லை. அம்மன் கூழைத் தரையில் சிந்தக் கூடாது. யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, எங்கள் பக்கத்துக் குழந்தைக்கும் அது தெரியும். மில்காரரும் இரண்டு கைகளால் சொம்பைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. "தாயே" என்று என் இரண்டு கைகளும் தாமாக மேலே எழும்பின. கரை முழுவதிலும் வெறுங்கையாக நின்றவன் நான் ஒருவன்தான்.

அஞ்சலை தன் கிண்ணத்தை என் கைகளில் திணித்தாள்.

"புடிங்க. சிந்தனீங்க, கொன்னுடுவேன்."

உள்ளங்கை எரிந்தது. விடவில்லை. சிங்காரம் தளரவில்லை. அந்த மழையில் ஆளில்லாத சாலையில் அவளைச் சுமந்து ஓடியது போல ஓடியது. கழுத்தை நீட்டிக் கோட்டைத் தாண்டியபோது செவலை அரை உடம்பு பின்னால் இருந்தது.

ஏழுமலை இறங்கிக் குதிரையின் நெற்றியில் முகத்தை வைத்துக்கொண்டான். பூசாரி மஞ்சள் துணியைக் கழுத்தில் கட்டினார். மில்காரர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"கூழக் குட்சிட்டு அப்பறமா அழு பெருசு, ஆறிடப்போவுது" என்றார்.

தரகர் வந்து வெறுங்கையோடு திரும்பினார். மகன் தர்மபுரிக்குப் போனான். உள்ளங்கைக் கொப்புளம் ஆறி, தழும்பு இன்னும் இருக்கிறது. நான் இன்றும் கவலைப்படுகிறவன்தான். ஆனால் ஒரு காரியம் தாமதமானால் முன்போல் பதறுவதில்லை. அன்று நான் சபித்த அந்தத் தாமதத்துக்குள்தான் அம்மன் கூழைக் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

சிங்காரம் அந்த ஏரி உள்வாயில் மேய்கிறது. அமாவாசைதோறும் நானும் அஞ்சலையும் போய்ப் பார்க்கிறோம். கோயிலில் யாராவது "தாயே" என்று கை தூக்கினால், எங்கே மேய்ந்துகொண்டிருந்தாலும் நடந்து வந்து வாசலில் நிற்கிறது. வண்டியும் இல்லை, வாரும் இல்லை. கூப்பிட்டார்கள், வந்து நிற்கிறது.

உங்கள் வீட்டிலும் ஒரு சூளைக்காரர் வாசலில் நிற்கலாம். ஒருமுறை அந்தக் கரைக்கு வாருங்கள். வந்து கை தூக்குங்கள். வாயில்லாத பிராணியே நிற்கிறது. பெற்றவள் நிற்காமல் போவாளா?