நாலாவது கியரில் நின்ற கார்

ரபீக் நானாவின் அழைப்பு வந்தபோது நான் பதுளையில் பெட்ரோல் செட் வரிசையில் இருந்தேன். ஊரே கேட்கும்படி பேசுகிறவர் அவர். அன்று குரல் அடங்கியிருந்தது.

“சேர், எங்க நிக்கிறீங்க?”

“பெட்ரோல் செட்ல. ஏன்?”

“வண்டிய ஓரமாப் போடுங்க.”

போட்டேன். அதன் பிறகுதான் சொன்னார். “சரோஜினி அக்கா மௌத்தாகிட்டாங்க. விடியக்காலையில.”

பின்னால் நின்ற முச்சக்கர வண்டிக்காரர் இறங்கி வந்து, என்ன பழுது, தள்ளிவிடவா என்று கேட்டார். என்னுடையதுபோன்ற பழைய ஒஸ்டின் ஓரத்தில் நின்றால் யாரும் அப்படித்தான் கேட்பார்கள். வேண்டாம் என்று கைகாட்டினேன். மூன்று மாதங்களாக எதிர்பார்த்திருந்த செய்திதான். என்றாலும் எனக்கு முதலில் துக்கம் வரவில்லை. இனி அவர் கேட்கவே மாட்டார் என்ற எண்ணம்தான் வந்தது. அது என்னவென்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

உங்களில் பலருக்கு அவரை அப்புத்தளைத் தபால் கந்தோரின் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த முகமாகத் தெரியும். முகவரி சரியாக எழுதாத கடிதத்தையும் எந்தத் தோட்டம், எந்த லயம் என்று ஊகித்துச் சேர்த்துவிடுகிறவர். கடிதத்தைத் திருப்பி அனுப்புவதை அவர் தன் தோல்வியாகவே எடுத்துக்கொண்டார். எனக்கும் ரபீக் நானாவுக்கும் பூனாகலை மாணிக்கத்துக்கும் அவர் அறிமுகமானது அவர் ஓய்வு பெற்ற பிறகு, ஆறு வருடங்களுக்கு முன்னால்.

நாங்கள் மூவரும் பழைய கார் வைத்திருப்பவர்கள். எங்கள் கூட்டத்துக்குப் பெயரும் கிடையாது, பதிவும் கிடையாது. ரபீக் நானா பதுளையில் வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவர். மாணிக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டர். நான் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். பௌர்ணமி விடுமுறையான போயா தினங்களில் எல்லப் பக்கமோ அப்புத்தளைப் பக்கமோ சேர்ந்து போவோம். போகிற நேரத்தில் பாதி, யாராவது ஒருவருடைய பொனட்டைத் திறந்துவைத்து மற்ற இருவரும் எட்டிப்பார்ப்பதில் கழியும்.

அப்படி ஒரு நாள் அப்புத்தளையில் நின்றபோதுதான் குடையோடு ஒரு பெண் எங்களை நோக்கி நேரே வந்தார். “பழைய காரு பாக்குறவங்க நீங்கதானே? என்கிட்டயும் ஒண்ணு இருக்கு. வந்து பாப்பீங்களா?”

பூனாகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில், தொழிற்சாலைக்குப் பின்னாலிருந்த கொட்டிலில் அது நின்றது. மொரிஸ் மைனர். முன்பக்கம் நசுங்கி, கூரை ஒருபுறம் இறங்கி, உள்ளே கோழி முட்டையிட்ட தடயங்களுடன். ரபீக் நானா அதைச் சுற்றி வந்தார். “அக்கா, குறை நினைக்காதீங்க. இதப் பார்த்தா எனக்குப் பயமா ஈக்கி.”

“எனக்கும்தான்,” என்றார் அவர்.

அது அவருடைய கணவர் தனபாலனின் கார். அந்தத் தோட்டத்தில் கிளாக்கராக இருந்தவர். முப்பது வருடங்களுக்கு முன் ஒரு மாலையில், தனியாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவர், மலைப்பாதையின் ஒரு வளைவில் திரும்பாமல் நேரே தேயிலைச் சரிவுக்குள் விழுந்தார். தோட்டத்தார் கயிறு கட்டிக் காரை இழுத்தெடுத்துக் கொட்டிலில் போட்டார்கள். போதையில் ஓட்டினார் என்று எல்லோரும் பேசி முடித்துவிட்டார்கள்.

“அவரு குடிக்கிறவருதான். இல்லங்கல,” என்றார் சரோஜினி அக்கா. “ஆனா அன்னிக்குக் குடிச்சாரான்னு எவனுக்குத் தெரியும்? சேர், எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். பிரேக்கைக் கழட்டும்போது என்ன ஆயிருக்குன்னு பாத்துச் சொல்லணும். ஓடுறது ஓடாததெல்லாம் அப்புறம்.”

எங்களில் பிரேக் வேலை எப்போதும் என்னுடையது. லொறியில் ஏற்றி என் வீட்டுக் கொட்டிலுக்குக் கொண்டுவந்தோம்.

முதல் நாள் மாணிக்கம் உள்ளே தலையை விட்டுப் பார்த்து, “கியர் கம்பி அசையல சேர். நாலுலயே பிடிச்சிக்கிட்டு நிக்குது,” என்று சொன்னார். விழுந்தபோது தரைத் தகடு நசுங்கி, கம்பியை அந்த இடத்திலேயே இறுக்கியிருந்தது. ஒரு மணி நேரம் சுத்தியலால் தட்டித்தான் விடுவித்தார். அவருக்கு அது ஒரு பழுது, அவ்வளவுதான். சரோஜினி அக்கா பக்கத்தில் டோர்ச் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போது அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது.

அடுத்த வாரம் நான் தனியாக இருந்து பிரேக்கைக் கழற்றினேன். நான்கு சக்கரங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சிலிண்டர்கள் துருவேறி இறுகியிருந்தன. ஆனால் உள்ளே எல்லாம் சரியாகப் பொருத்தப்பட்டிருந்தன. குழாய் எங்கும் அறுந்திருக்கவில்லை. பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் ஹோஸ்கள் வயதாகி விறைத்திருந்தன, ஒன்றிலும் வெடிப்பில்லை. மறுபடி மறுபடி பார்த்தேன். கெட்டது எதையாவது கண்டுபிடித்துவிட வேண்டுமென்று நான் பிரேக்கைச் சோதித்தது அந்த ஒரு முறைதான்.

மாலை மழையோடு சரோஜினி அக்கா வந்தார். குடையை மடக்கவில்லை. வாசலிலேயே நின்று, “பாத்தீங்களா?” என்றார்.

என் ஒஸ்டினிலிருந்து எப்போதோ கழற்றிய வெடித்த ஹோஸ் ஒன்று தகர டின்னில் கிடந்தது. கை அதை எடுத்தது. அப்படித்தான் சொல்ல முடியும். யோசித்தேன் என்றால் பொய். “இதுதான் அக்கா. முன் சக்கரத்து ஹோஸ். வெடிச்சிருக்கு,” என்று கொடுத்தேன்.

வெடிப்பில் பெருவிரலை வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். “அப்ப அவரு மேல பிழையில்ல,” என்றார். பிறகு போய்க் கை கழுவிவிட்டு வந்து, என் மனைவியிடம் தேநீர் கேட்டார், சீனி கூடப் போட்டு.

ரபீக் நானா செய்தி கேட்டு அழுதார். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். அது தோட்டம்வரை போனது. தனபாலனைப் பற்றிய பழைய பேச்சு முப்பது வருடங்களுக்குப் பின் நின்றது. பிரேக் விட்டுப்போய் இறந்த மனிதர் ஆனார் அவர். இவ்வளவும் நடந்த பிறகு உண்மையைச் சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை.

காரை எழுப்ப இரண்டு வருடங்கள் ஆயின. முன்பக்கத் தகடு முழுவதையும் டிங்கர் வேலைக்காரர் புதிதாக அடித்தார். கண்டியில் கிடைத்த ரேடியேட்டர் பொருந்தாமல், மாணிக்கம் அதற்குக் கால் வைத்துக் கொடுத்தார். இதற்கிடையில் சரோஜினி அக்கா அறுபத்திரண்டு வயதில் லைசன்ஸ் எடுத்தார். ஓட்டிக் காட்டும் பரீட்சையில் ஒருமுறை தோற்றார். “ஸ்டாம்ப் ஒட்டுறது மாதிரி இல்ல சேர் இது,” என்று சிரித்தார்.

அந்தக் காரின் பெட்ரோல் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது. சாவியைத் திருப்பியதும் பொனட்டுக்குள்ளிருந்து டிக், டிக் என்று சத்தம் வரும். நடுவழியில் திடீரென்று நின்றுவிடும். தெமோதரையில் அப்படி ஒருமுறை நின்றபோது, நாங்கள் மூவரும் எந்தக் கருவியால் கழற்றுவது என்று வாதாடிக்கொண்டிருந்தோம். அவர் இறங்கி வந்து, பொனட்டைத் திறந்து, ஒரு காலின் செருப்பைக் கழற்றி பம்பின் மேல் இரண்டு அடி போட்டார். டிக், டிக் என்று மறுபடி ஓடத் தொடங்கியது. “சத்தம் வந்தா பரவால்ல சேர். சத்தம் நின்னாத்தான் பயப்படணும்,” என்றார். அன்றிலிருந்து யாருடைய வண்டி நின்றாலும் ரபீக் நானா அவருடைய காலைத்தான் பார்ப்பார்.

ஆனால் கணவர் விழுந்த அந்த வளைவில் அவர் வேறொருவர். முதன்முதலாகப் பூனாகலைப் பாதையில் போனபோது எங்களை மேலேயே நிறுத்திவிட்டுத் தனியாக இறங்கிப்போனார். அரை மணி நேரம் எந்தச் சத்தமும் இல்லை. மாணிக்கம் நடந்துபோய்ப் பார்க்கிறேன் என்று புறப்பட்டபோது, மூடுபனிக்குள்ளிருந்து விளக்கு தெரிந்தது. ஏறிவந்து நிறுத்தினார். முகம் வெளிறியிருந்தது. “திரும்பவும் இறங்கிப் பாக்கணும்,” என்றார். அன்று அவர் மூன்று தடவை இறங்கி ஏறினார். துக்கம் என்று நாங்கள் நினைத்தோம்.

அது துக்கம் மட்டுமில்லை என்பது எனக்குப் போன வருடம்தான் தெரிந்தது. அப்புத்தளைக்கு ஏறும்போது ரபீக் நானாவின் கார் கொதித்து நின்றுவிட்டது. அவரும் மாணிக்கமும் தண்ணீர் தேடிப் போனார்கள். மூடுபனி இறங்கி, வெளியே ஒன்றும் தெரியவில்லை. நான் மொரிஸின் முன் இருக்கையில் சரோஜினி அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் கியர் கம்பியின் மேல் கை வைத்திருந்தார்.

“அந்த வளைவ நான் எத்தனையோ தடவை இறங்கிட்டேன் சேர். ரெண்டாவதுலதான் இறங்க முடியும். மிஞ்சினா மூணு. இல்லையா?”

“ஆமாங்க.”

“பிரேக்கு விட்டா மனுசன் என்ன செய்வான்? கியரைக் குறைப்பான். எனக்கே அதுதான் கைக்கு வருது. அவரு இருபது வருசம் ஓட்டினவரு.” கம்பியை லேசாக அசைத்துப் பார்த்தார். “மாணிக்கம் தட்டி எடுத்தப்ப கம்பி நாலுல இருந்துச்சு. நான்தானே டோர்ச் பிடிச்சேன்.”

“அக்கா, அந்த ஹோஸ்...” என்று தொடங்கினேன்.

அவர் கையை உயர்த்தித் தடுத்தார். “இப்ப சொல்லாதீங்க. நீங்க அதைக் குடுத்த அன்னிக்குத்தான் நான் முப்பது வருசத்துக்கு அப்புறம் நல்லாத் தூங்கினேன். அதுக்கு உங்ககிட்ட கோவிக்க முடியுமா? எனக்குத் தைரியம் வரும்போது கேக்கிறேன். அப்ப மட்டும் பொய் சொல்லாம சொல்லுங்க.”

தண்ணீரோடு அவர்கள் வந்துவிட்டார்கள். அவர் இறங்கி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற உதவினார். அதன் பிறகு ஒவ்வொரு போயாவுக்கும் வந்தார், சிரித்தார், பம்புக்குச் செருப்படி கொடுத்தார், என் வீட்டில் தேநீர் குடித்தார். கேட்கவில்லை. நான்தான் ஒவ்வொரு முறையும் அவர் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தேன். மொரிஸ் என் வாசலில் வந்து நிற்கும் சத்தம் கேட்டால் கையில் இருப்பதை வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். இன்றைக்குக் கேட்பாரா, கேட்டால் எந்தச் சொல்லிலிருந்து தொடங்குவேன் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போய்க் கதவைத் திறப்பேன்.

பிறகு அக்காவுக்கு நோய் வந்தது. கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது கை மெலிந்து, வளையல் முழங்கைவரை ஏறியிருந்தது. காரை யார் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணுகிறார்கள் என்று விசாரித்தார். மாணிக்கம் என்றேன். அவரே வச்சிக்கட்டும் என்றார். பார்வையாளர் நேரம் முடியப்போகிறது என்று தாதி சொல்லிவிட்டுப் போனார். நான் எழுந்திருக்காமல் இருந்தேன்.

“ஒவ்வொரு தடவையும் வந்து என் மூஞ்சியவே பாக்குறீங்க சேர். நான் கேப்பேன்னு.”

“ஆமாக்கா.”

“கேக்கப் போறதில்ல.”

“ஏன்?”

“இவ்வளவு தூரம் வந்தாச்சு. அவரையே கேட்டுக்கிறேன்.” சிரித்தார். மூச்சு வாங்கியது. “நம்ம ஆளுங்களுக்கு மட்டும் நான் போனப்புறம் சொல்லிருங்க. பாவம் ரபீக் நானா. அதுக்குப் பயந்து வருசா வருசம் ஹோஸ் மாத்துறாரு.”

ஆகவே, ரபீக் நானா, மாணிக்கம், அக்காவை அறிந்த மற்றவர்களே, அந்த ஹோஸ் மொரிஸினுடையது இல்லை. பொய் சொன்னவன் நான். நீங்கள் அதை நம்பி ஊருக்குச் சொன்னதில் உங்கள் பிழை ஒன்றுமில்லை. தனபாலன் குடித்திருந்தார் என்றும் நான் சொல்ல வரவில்லை. பனியாக இருக்கலாம், தூக்கமாக இருக்கலாம், மனதில் வேறெதுவோ இருந்திருக்கலாம். இரும்பைக் கழற்றிப் பார்த்தால் இரும்பைப் பற்றித்தான் தெரியும். அந்த மனிதரைத் தெரிந்தவர் சரோஜினி அக்கா ஒருவர்தான். கடைசியில் அவர் என்ன முடிவுக்கு வந்திருந்தார் என்பதை யாருக்கும் சொல்லவில்லை.

அவரிடமிருந்து எனக்கு எஞ்சியிருப்பது, நான் பொய் சொன்னேன் என்று தெரிந்துகொண்டே அவர் என் வீட்டில் குடித்த தேநீர்கள்தான். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தப் பாரத்தை நான் இறக்கிவைத்திருப்பேன். அவர் கேட்காமல் விட்டதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளவும் என்னால் முடியவில்லை. தண்டனை என்று சொன்னால் அது அவருக்குச் செய்யும் அநியாயம்.

இறுதிக்கிரியைகள் முடிந்த பிறகு ஒரு காலையில் பூனாகலைப் பாதையில் தனியாகப் போனேன். வளைவுக்கு மேலே வண்டியை நிறுத்தி, இறங்கி நடந்தேன். பனி விலகாமல் இருந்தது. ஓரத்தில் நின்று, பழகிப் பழகி வைத்திருந்த அந்த வாக்கியத்தைச் சத்தமாகச் சொன்னேன். “பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு அக்கா.”

கீழே தேயிலைக்குள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்தார். பனிக்குள் அவருடைய முகம் தெரியவில்லை.

“என்னங்கய்யா சொன்னீங்க?” என்று கேட்டார்.

இரண்டாவது தடவை அதைச் சொல்லாமலே மேலே வண்டியை நோக்கி நடந்தேன்.