சைவப் பூனையின் வாய்வலி

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவிலேயே என் மாமியாருக்கு மட்டும் ஒரு பெருமை உண்டு. அவரிடம் ஒரு சைவப் பூனை இருந்தது. தயிர் சாதம், நெய் விட்ட பருப்பு சாதம், வெள்ளிக்கிழமையானால் பாயசம். வீட்டுத் தறியில் நெய்த புடவையைப் பார்க்க யார் வந்தாலும், காபி கொடுத்த கையோடு பூனையையும் தூக்கி வந்து காட்டுவார். "எலி புடிச்சா என்ன பண்ணும்?" என்று ஓர் அம்மா விடாமல் கேட்டார். "வாயில கவ்விக்கினு போயி தெருமுனையில வுட்டுட்டு வந்துடும்மா" என்றார் மாமியார், கண்கூடச் சிமிட்டாமல். அந்த அம்மா அதையும் நம்பி, இரண்டு புடவையும் எடுத்துக்கொண்டு போனார்.

அந்தப் பூனைக்குக் கருவாடு போட்டுக்கொண்டிருந்தது நான்தான்.

என் பிறந்த வீடு மாகறல் பக்கம். ஏரி மீனும் ஆற்று மீனும் தின்று வளர்ந்த உடம்பு இது. காதலித்துக் கட்டிக்கொண்டு வந்த வீட்டிலோ வெங்காயத்துக்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. "மீனெல்லாம் ஒரு விஷயமா, விட்டுவிடுவேன்" என்று கல்யாணத்துக்கு முன்னால் வீரமாகச் சொல்லியிருந்தேன். மறுமாதமே அம்மா வறுத்துக் கொடுத்த நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலம் என் தையல் டப்பாவில், நூல்கண்டுகளுக்கு அடியில் குடியேறிவிட்டது. துணி காயப்போடுகிற சாக்கில் மாடிக்குப் போவேன். பூனை பின்னாலேயே வரும். எனக்கு ஒன்று, அதற்கு இரண்டு. இந்த வீட்டில் என்னைப் புரிந்துகொண்ட ஒரே ஜீவன் அதுதான் என்று அப்போது நினைத்துக்கொள்வேன்.

தீபாவளிக்கு முறுக்கு சுட்ட அன்று மாமியார் பூனையைத் தூக்கினார். தூக்கியவர் மூக்கைச் சுளித்தார்.

"இன்னாமா இது, வாய் இப்படி நாறுது?"

எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. "பல்லி ஏதாவது புடிச்சிருக்கும் அத்தை" என்றேன்.

"பல்லியா?" அவர் முகம் ஒரு நிமிடம் வாடிப்போனது. "சும்மா மோந்து பாத்துருக்கும். தின்னுருக்காது" என்று தானே தேற்றிக்கொண்டார்.

நாறுவது கருவாடு என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. மறுநாளிலிருந்து காலையில் என் முதல் வேலை ஈரத்துணியால் பூனையின் வாயைத் துடைப்பது. தயிர் சாதத்தில் புதினாவைக் கசக்கிப் போட்டேன். ஒரு மாதம் கருவாட்டையே நிறுத்திப் பார்த்தேன். நாற்றம் போகவில்லை. வேறு எந்த வீட்டிலோ மீன் கிடைக்கிறது போலிருக்கிறது, நான் நிறுத்தியதும் ஆளை மாற்றிவிட்டது என்று எனக்கு அதன்மேல் கோபம்கூட வந்தது. போட்டிக்காரர்களிடம் அதை விட்டுவிடக்கூடாது என்று மறுபடி கருவாட்டை ஆரம்பித்தேன். மாமியார் தூக்கக் கை நீட்டினால், "இப்பதான் மண்ணுல பொரண்டுட்டு வந்துச்சு அத்தை" என்று நான் முந்திக்கொள்வேன். இப்படியே மார்கழி போனது, சித்திரை போனது. பூனை இளைத்துக்கொண்டே வந்தது. வெயிலுக்கு என்று எல்லோரிடமும் சொன்னேன்.

ஆனி மாதத்தில் ஒருநாள் தறியிலிருந்து என் கணவர் கத்தினார். தறிமேல் ஏறிப்போன பூனையின் வாயிலிருந்து சந்தன நிறப் பட்டில் எச்சில் சொட்டியிருந்தது. எச்சிலில் ரத்தம். அன்று தயிர் சாதத்தில் வாய் வைத்த பூனை வீலென்று கத்திக்கொண்டு, தட்டே கடித்துவிட்டதுபோல் ஓடியது. இரண்டு நாள் எதையும் தொடவில்லை. மாட்டாஸ்பத்திரிக்குப் போகலாமா என்று பேச்சு வந்தது. கடைசியில் பூனை நாய் மட்டும் பார்க்கிற ஒரு டாக்டரம்மாவைக் கண்டுபிடித்தோம்.

பூனையை ஒயர் கூடையில் வைத்து, மேலே முறத்தைக் கவிழ்த்து, மாமியாரே கட்டினார். எங்கள் வீட்டில் கட்டுவதற்கு யாரும் கயிறு தேடமாட்டோம், கழிவுப் பட்டு நூல்தான். அங்கே போனதும் டாக்டரம்மா கத்தரிக்கோல் வைத்து நறுக்கு நறுக்கென்று நறுக்கினார். அசல் பட்டு, லேசில் விடுமா? உள்ளேயிருந்து பூனை எங்கள் மூன்று பேரையும் திட்டிக்கொண்டே இருந்தது.

வாயைத் திறந்து டார்ச் அடித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். ஈறு முழுக்க, தொண்டை வரைக்கும், குங்குமத்தைக் கொட்டியது போல் சிவந்து கிடந்தது.

"எவ்ளோ நாளா நாத்தம் இருக்குது?"

"எப்பவோ ஒருக்கா பல்லிய மோந்துட்டு நாறிச்சு. மத்தபடி நாலஞ்சு நாளாத்தான் தெரியுதுமா" என்றார் மாமியார். "எங்க மருமவ தெனமும் அதுக்கு வாய் தொடச்சி வுடும். அவ்ளோ சுத்தமா பாத்துக்கும்."

நான் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையை மிகவும் கவனமாகப் படித்தேன்.

"என்ன சாப்பாடு?"

மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சுத்த சைவம்."

டாக்டரம்மா டார்ச்சை அணைத்தார். "பூனையில சைவமெல்லாம் கெடையாதும்மா. தயிர் சாதத்துல அதுக்கு எங்கேந்து தெம்பு வரும்?" என்று ஒரு பிடி பிடித்தார். வலிக்கு ஊசி போட்டார். அடுத்த வாரம் பின்பற்களை எல்லாம் எடுத்தாக வேண்டும், அதுவரைக்கும் வேகவைத்த மீனை மசித்துக் கொடுங்கள் என்றார்.

மாமியார் ஆட்டோவில் கூடையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்ததும், "நான்தான் அத கெடுத்துட்டேன்" என்று ஆரம்பித்தவர் நிறுத்தவேயில்லை. பால்காரரிடம் சொன்னார், பக்கத்து வீட்டில் சொன்னார். பிறகு என்னிடம் வந்து மெல்லிய குரலில், "ஏம்மா, மீனு எங்க விப்பாங்க? உனக்குத் தெரிஞ்சிருக்குமே" என்றார். நான் யோசிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, "விசாரிச்சுப் பாக்குறேன் அத்தை" என்றேன்.

மீனை அவரே வேகவைத்தார். மாடியில் ஒரு கரண்ட் அடுப்பு, அதற்கென்று புதிதாக ஒரு பாத்திரம், மூக்கைச் சுற்றி முந்தானை. "உப்பு போடணுமா?" "தெரியலையே அத்தை." "மஞ்சளு?" "யாரையாவது கேக்கட்டுமா?" எனக்குச் சிரிப்பை அடக்கி அடக்கி விலா வலித்தது.

பூனை வந்து முகர்ந்தது. ஒரு துண்டை நாக்கில் எடுத்தது. வலி தாங்காமல் துப்பிவிட்டு மூலையில் போய்ச் சுருண்டுகொண்டது. மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பாவம், மீனுன்னா இன்னான்னே தெரியல அதுக்கு. அந்த ருசியே தெரியாம வளத்துட்டேன்" என்று அழுதார்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "அத்தை, அதுக்கு நல்லாவே தெரியும்" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். தையல் டப்பாவைக் கொண்டுவந்து திறந்தும் காட்டினேன்.

"நீயும் சாப்புட்டியா?"

"ரெண்டு தடவ."

"ரெண்டா?"

"நெறைய தடவ."

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திட்டப்போகிறார் என்று நான் குனிந்து நின்றால், அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "அப்ப என் தயிர் சாதத்தால வரல!" என்றார். "உன் கருவாட்டாலதான் வந்திருக்குது!"

நான் விடுவேனா? கருவாடு தின்கிற பூனைகள் எல்லாம் ஊரில் கல்லுக்குண்டாக இருக்கின்றன, தயிர் சாதம் தின்றதற்குத்தான் இந்தக் கதி என்றேன். ஒரு வாரம் வீட்டில் இதே வழக்கு. என் கணவர் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டுத் தறிக்குள் ஒளிந்துகொண்டார். பல் எடுக்கப் போன அன்று மாமியார் கூடையை இறக்கி வைத்ததும் முதலில் கேட்டது தீர்ப்பைத்தான்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "தயிர் சாதமும் இல்ல, கருவாடும் இல்ல. சில பூனைக்கு அதோட உடம்பே அதோட பல்லு மேல சண்டைக்கு நிக்கும். யார் மேலயும் தப்பு கெடையாது." பிறகு சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "நாத்தம் நெஜமா எப்ப ஆரம்பிச்சுது?" என்று கேட்டார்.

"தீபாவளிக்கு" என்றேன்.

"அப்பவே கொண்டாந்திருந்தா இத்தன மாசம் அது வலி தாங்கிக்கினு இருந்திருக்க வேணாமே" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். மாமியார் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

பல் எடுத்த பிறகு சில நாட்கள் மருந்தும் கஞ்சித் தண்ணீர்போல் கரைத்த மீனும்தான், அதுவும் ஊசிக்குழாயில். ஒன்பதாம் நாள் காலையில் பூனை தானாகவே தட்டுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது. மசித்த மீன், ஓரத்தில் ஒரு கரண்டி தயிர் சாதம். மாமியார் தன் கட்சியை விட்டுக்கொடுக்கவில்லை. பூனை நக்கியது. நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அது கத்தவில்லை, ஓடவில்லை. நக்கி நக்கித் தட்டைச் சுவர் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனது. தயிர் சாதத்தையும் மிச்சம் வைக்கவில்லை.

"வலியில்லன்னா இப்படித் தின்னுது பாரு" என்றார் மாமியார். காலியான தட்டைக் கையில் எடுத்தார். என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"கருவாடு போட்டேன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா நான் இன்னாமா பண்ணியிருப்பேன்? ரெண்டு நாள் உங்கிட்ட பேசாம இருந்திருப்பேன். அதுக்கு பயந்துக்கினா எட்டு மாசம் அதோட வாய மூடி வெச்ச?"

தட்டைக் கழுவ உள்ளே போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. மாமியாரின் கோபம் இரண்டு நாளுக்கு மேல் நின்றதே இல்லை. அது எனக்கு அப்போதே தெரியும்.