காப்பு கட்டிய நாற்பத்தெட்டு நாள்

எங்கள் தெருவில் எட்டுப் பெண்களைச் சேர்த்து வாட்ஸ்அப்பில் குரூப் ஆரம்பித்தவள் நான்தான். எனக்குச் சர்க்கரை வந்திருந்தது. தனியாக வாயைக் கட்ட முடியாது என்று எனக்கே தெரியும். அதனால் தெருவையே சேர்த்துக் கட்டினேன். இனிப்பு கிடையாது, ராத்திரிக்குச் சோறு கிடையாது, காலையில் பாப்பாரப்பட்டி ரோட்டில் ஒரு மணி நேர நடை. சனிக்கிழமைதோறும் புளி மண்டித் தராசில் ஏறி எடை பார்க்க வேண்டும். மூட்டை நிறுக்கிற தராசு, பொய் சொல்லாது.

வெறும் வாய்ப்பேச்சு என்றால் மூன்றாம் நாளே பஜ்ஜிக் கடைக்குப் போய்விடுவார்கள். அதனால் மாரியம்மன் கோயிலில் ஆளுக்கொரு மஞ்சள் கயிற்றைக் காப்பாகக் கட்டிவிட்டேன். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள். நடுவில் அவிழ்த்தால் சாமி குத்தம் என்றும் சொல்லிவைத்தேன். அன்றைக்கு என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

எட்டுப் பேரில் என் ஓரகத்தியும் ஒருத்தி. கொழுந்தனின் மனைவி, பக்கத்து வீடு. மைசூர்பாகைக் கண்டால் அந்த இடத்தைவிட்டு நகராதவள். இரண்டு வாரம் தாங்க மாட்டாள் என்று நினைத்தேன். ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் தராசில் அவளுக்குத்தான் அதிகமாக இறங்கியது. எனக்கு இறங்கவே மாட்டேன் என்றது. பொறாமைப்பட்டேன், அதை மறைப்பானேன்.

மூன்றாம் வாரம் நடக்கும்போது பின்தங்கி நின்றுவிட்டாள்.

"ரெண்டு வாய் தின்னாலே வயிறு அடைச்சுக்குதுக்கா. ஒடம்பு என்னமோ மாதிரி இருக்குது. தர்மபுரி போயி டாக்டர்கிட்ட காட்டிட்டு வரட்டுங்களா?"

"ரெண்டு வாயில அடங்கணும்னுதானே இவ்ளோ பாடு! டாக்டரு நல்லா சாப்புடுன்னுவாரு, அப்புறம் காப்பு என்னாவறது? முடியட்டும், போலாம்" என்றேன்.

"செரிக்கா" என்றாள். அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. விரதத்தில் முனகக் கூடாது என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாளாம். கொழுந்தன் பின்னால் சொன்னார்.

நாற்பத்தெட்டாம் நாள் கோயிலில் காப்பை அவிழ்த்தோம். அவளுக்கு மாலை போட்டு, கைதட்டி, போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தோம். பூசாரி கொடுத்த பொங்கலைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள், சாப்பிடவில்லை. "பாருங்கடி, இவதான் அசல்" என்று அதையும் நான் புகழ்ந்தேன்.

அடுத்த வாரம் வாந்தியில் ரத்தம் வந்தது. சேலத்துக்குக் கூட்டிப்போனோம். தொப்பூர் இறக்கம் முழுக்க என் தோளில் சாய்ந்திருந்தாள், பாரமே தெரியவில்லை. ஸ்கேன் பார்த்த டாக்டர் வயிற்றில் கட்டி என்றார். எடை எப்போதிலிருந்து குறைகிறது என்று கேட்டார். வாராவாரம் எழுதி வைத்தது என் செல்லில் இருந்தது. எடுத்துக் காட்டினேன்.

"இவ்வளவு வேகமா எறங்கியிருக்கே, யாருக்கும் சந்தேகம் வரலையாம்மா?"

"நாங்க கை தட்டினோம்ங்க சார்" என்றேன்.

முன்னாலேயே வந்திருந்தாலும் பிழைப்பது கஷ்டம்தான் என்று பிறகு வேறொரு டாக்டர் சொன்னார். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா தெரியாது. ஐந்து மாதம் இருந்தாள். குளிப்பாட்டியதும் கஞ்சி ஊட்டியதும் நான்தான். ஒரு வாய் உள்ளே போனால் எனக்கு அது நல்ல நாள். ஒருமுறைகூட அவள் என்னைக் குத்திக்காட்டவில்லை. காட்டியிருந்தால் தேவலை.

பதினாறாம் நாள் காரியத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தேன். மொரப்பூரிலிருந்து வந்திருந்த சொந்தக்காரப் பெண் ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அக்கா, சூப்பரா எளச்சிட்டீங்களே! என்னக்கா பண்றீங்க? எனக்கும் சொல்லுங்க."

வாய் வரைக்கும் திட்டு வந்தது. ஆனால் இதே பேச்சைத்தானே சனிக்கிழமைதோறும் நான் பேசினேன். அவள் இலையில் இன்னொரு கரண்டி சோறு போட்டேன். "போதுங்க்கா, போதும்" என்று கையை நீட்டித் தடுத்தாள்.

"தின்னுடி!" என்று கத்தினேன். பந்தி மொத்தமும் திரும்பிப் பார்த்தது.