பிலோமினா மாட்டிய கீசர்

"பிலோ அக்கா விடிய போயிட்டா" என்று கொட்டாஞ்சேனையிலிருந்து அவளுடைய தங்கை தொலைபேசியில் சொன்னாள். எங்கே என்று கேட்டேன். அவள் அழத் தொடங்கிய பிறகுதான் எனக்கு விளங்கியது.

கந்தோரில் அவளோடு தட்டச்சு செய்த உங்கள் எல்லோருக்கும் அவளுடைய வாய் தெரியும். அவள் ஸ்பானர் பிடித்து நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். சண்டைக்காலத்தில் எங்கள் வெள்ளவத்தை வீட்டுக் கீசர் ஓட்டை விழுந்து ஒழுகியது. என் கணவர் தடுப்புக்காவலிலிருந்து வந்து ஒரு மாதம்தான். உடம்பெல்லாம் உளைவு, சுடுதண்ணீரில் குளித்தால்தான் கொஞ்சம் ஆறும். ஆனால் வெளி ஆணின் குரல் கேட்டாலே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிடுவார். பிளம்பரை எப்படிக் கூப்பிடுவது? கந்தோரில் பிலோவிடம் சொல்லி அழுதேன். "புதுக் கீசரை வாங்கி வை. நான் வாறன்" என்றாள்.

ஞாயிறு பூசை முடிந்து நேரே வந்தாள். மெயின் சுவிச்சை நிறுத்தி, தண்ணீரைப் பூட்டி, பழையதைக் கழற்றினாள். எங்கே பழகினாய் என்றேன். "எங்கட வீட்டு ஆம்பிளையள் எல்லாம் வெளிநாடு போயிட்டினம். பைப்புகளுக்குத்தான் விசா கிடைக்கேல்ல" என்றாள். குழாய் மரையில் வெள்ளை டேப் சுற்றிப் புதியதைப் பூட்டினாள். நான் அவசரப்பட்டுச் சுவிச்சைப் போடப்போக, கையைத் தட்டிவிட்டாள். "முதல்ல தண்ணி நிரம்பட்டும். வெறும் வயித்தில நெருப்பு வைக்கிறதே?"

தண்ணீர் சுட்டதும் அவர் குளிக்கப் போனார். அந்தச் சந்தோஷத்தில் நான் ஒரு மடத்தனம் செய்தேன். பழைய கீசரைச் சாக்கில் சுற்றிக் கட்டி, குப்பைக்காரர் எடுக்கட்டும் என்று கேற்றடியில் வைத்தேன். சாக்குக்கு வெளியே இரண்டு வயர் நீட்டிக்கொண்டிருந்தன, பார்க்கக் குண்டு மாதிரி. அந்த நாளையில் கொழும்பில் எந்தத் தமிழச்சியாவது அப்படிச் செய்வாளா? சற்று நேரத்தில் வீதியை மறித்துவிட்டு இரண்டு ஆமிக்காரர் துவக்கோடு நின்றார்கள்.

பிலோ வெளியே போனாள். "மல்லி, அது எங்கட பழைய கீசர்" என்று, தம்பி முறை வைத்துச் சிங்களத்தில் சொல்லி, அவர்களிடம் அனுமதி கேட்டுச் சாக்கை உரித்துக் காட்டினாள். ஒருவன் சிரித்தான். மற்றவன் சிரிக்கவில்லை, புதியதைக் காட்டு என்று வீட்டுக்குள் வந்தான். சப்பாத்துச் சத்தம் கேட்டதும் குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. உள்ளே அவர் என்ன செய்கிறார், கத்திவிடுவாரோ என்று பயந்தேன்.

பிலோ அந்தக் கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றாள். "ஆள் குளிக்குது மல்லி. வந்தாப் பிறகு பாருங்க" என்றாள் சிங்களத்தில். பிறகு, திரும்பாமலே, தமிழில்: "அண்ணா, நீங்க ஆறுதலாக் குளியுங்கோ. நான் இங்கதான் நிக்கிறன்."

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு தண்ணீர் விழத் தொடங்கியது. அவன் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். எங்கள் அடையாள அட்டைகளைப் பார்த்தான், போய்விட்டான். அவர் குளித்து முடித்து வரும்வரை பிலோ அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

அவளுடைய படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. அந்தக் கதவை மறைத்து நின்ற முதுகுதான் இருக்கிறது. ஒருமுறை திரும்பிப் பாரேன் பிலோ.